ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்றா?

கல்யாணத்துக்கு நாள் குறித்தால் வீடே கலகலக்கிறது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தாலோ, எல்லோரும் கிசுகிசுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். மேஜையில் படுக்கப் போகிறவளிடம் மட்டும் ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை!

பள்ளிப்பட்டு, பொதட்டூர்ப்பேட்டைப் பக்கம் பெரிய ஆபரேஷன் என்றால் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. இல்லையேல் சென்னை, வேலூர். 1960-ல் சித்தூர் ஜில்லாவிலிருந்து நம்மோடு சேர்ந்த பகுதியாயிற்றே, திருப்பதிக்குப் போகிறவர்களும் உண்டு. தறியையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் போகும் பெண்ணுக்குக் கத்தியைவிடப் பெரிய பயம், "அடுப்பை யார் பார்ப்பார்கள்?" என்பதுதான். அதற்கு முதலில் ஓர் ஏற்பாடு செய்துவிடுங்கள், சகோதரிகளே. பாதிப் பயம் போய்விடும். மீதிப் பயத்துக்கு டாக்டரையே கேளுங்கள்: என்ன செய்யப் போகிறார், எத்தனை நாள் படுக்கை, எப்போது எழுந்து நடக்கலாம்? தினமும் விழுங்கும் மாத்திரைகளை, லேகியம் உட்பட, ஒன்று விடாமல் சொல்லிவிடுங்கள்.

"வெறும் வயிற்றோடு போகிறாளே" என்று மாமியார் பரிந்து ஊட்டும் அரை இட்லி பொல்லாதது. மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. ஆகாரம் 6 மணி நேரத்துக்கு முன்பும், எண்ணெய்ப் பலகாரம் 8 மணி நேரத்துக்கு முன்பும் நின்றுவிட வேண்டும். தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம் என்பது பொது விதி. உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு.

தாலியைக் கழற்றச் சொன்னால் கண் கலங்காதவர் யார்? ரத்தக் கசிவை மின்சாரத்தால் சுட்டு அடைக்கும்போது, உடம்பிலுள்ள உலோகத்தால் தீப்புண் ஏற்படக்கூடும். அன்றைக்கு வெறும் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளலாமா என்று நர்ஸிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். நகப்பூச்சையும் அழித்துவிடுங்கள், பிராணவாயுவை அளக்கும் கருவியை விரல் நுனியில்தான் மாட்டுவார்கள்.

பிறகு வருகிறது பத்தியம்! பருப்பு சீழ் பிடிக்கும், முட்டை ஆகாது, தயிர் கூடவே கூடாது! சீழுக்குக் காரணம் கிருமி, பருப்பல்ல. புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். வெறும் ரசஞ்சாதத்தை மட்டும் போட்டால், தைத்த இடம் எதைக் கொண்டு சேரும்? டாக்டர் தடுக்காதவரை பருப்பும் முட்டையும் தாராளமாகக் கொடுக்கலாம்.

மறுநாளே நடக்கச் சொல்லும் நர்ஸ் ஈவிரக்கமற்றவள் அல்ல. காலில் ரத்தம் உறையாமல் காக்கிறாள். வயிற்றில் தையல் இருந்தால், இருமும்போது ஒரு தலையணையை அணைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பப்பை எடுத்தவர் 6 வாரம் குடம் தூக்கக்கூடாது. "நன்றாகத்தானே இருக்கிறாள்" என்று மூன்றாம் நாளே குடத்தை நீட்டுகிறவர்களை என்னவென்று சொல்ல!

ஜுரம், தையலில் கசிவு, ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சுத் திணறல் - இவற்றில் எது தென்பட்டாலும் குறித்த தேதி வரை காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.