கொடுத்த கையும் துப்பாக்கி பிடித்த கையும்

யுத்தம் என்றால் பீரங்கியும் விமானமும் என்றே பலரும் எண்ணுகிறார்கள். சரித்திரப் புத்தகங்களும் எந்தப் படை எங்கே போயிற்று, எந்தத் தளபதி எப்போது சரணடைந்தார் என்றுதான் எழுதுகின்றன. அந்தப் படை எதைத் தின்றது, யார் கொடுத்த காசில் சட்டை போட்டது, ஊரில் யார் தன்னை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற எண்ணத்தில் அந்தச் சிப்பாய் இரவுக் காவல் நின்றான் என்பதை எழுதுவோர் குறைவு. தோட்டத்து மக்களாகிய நாம் அதைப் பற்றிப் பேசக் கடமைப்பட்டவர்கள். ஏனென்றால் ஒரு படையை நம்முடைய லயங்களே தாங்கியிருக்கின்றன. இந்திய தேசிய ராணுவத்தைத்தான் சொல்கிறோம்.

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க் திடலில் இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். மோகன் சிங் அமைத்த முதல் படை அந்த வருஷம் முடிவதற்குள் கலைந்தது. 1943 ஜூலையில் நேதாஜி வந்தார். 4-ந் தேதி கத்தே கட்டடத்தில் இந்திய சுதந்திர லீகின் தலைமையை ஏற்றார். மறுநாள் நகர மண்டபத்தின் முன் படை அணிவகுப்பைப் பார்வையிட்டார். அதன் பிறகு ஆள் வந்தது பழைய சிப்பாய்களிடமிருந்து மட்டுமன்று. பால்மரம் வெட்டியவர்களும் கிராணிமாரும் கடைச் சிப்பந்திகளும் வந்தார்கள். புதிதாய் வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். தமிழன் சண்டைக்கு லாயக்கில்லாதவன் என்று வெள்ளை அதிகாரிகள் வெகுகாலம் எழுதி வைத்திருந்தார்கள். உளி பிடித்த கை துப்பாக்கியும் பிடிக்கும் என்று காட்டியவர்கள் நம் தோட்டத்து வாலிபர்கள்.

அந்த வாலிபர்களைத் தாங்கிய மக்கள் எந்த நிலையில் இருந்தார்கள் என்பதை இன்றைய பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். ரப்பரை வாங்க ஆளில்லை; பெரும்பாலான தோட்டங்களில் வெட்டு நின்றது. அரிசி கிடையாது. மரவள்ளிக்கிழங்குதான் காலைக்கும் மாலைக்கும். துணிக்குப் பஞ்சம் வந்து கோணிச் சாக்கை உடுத்தினார்கள். வாழைமர நோட்டை மூட்டை கட்டிக்கொண்டு போனாலும் கைப்பிடிச் சாமான்தான் கிடைத்தது. இந்த மக்களிடம்தான் நிதி கேட்கப்பட்டது. இவர்கள்தான் கொடுத்தார்கள். தோட்டைக் கழற்றினார்கள், மூக்குத்தியைக் கழற்றினார்கள், தாலிக்கொடியைக்கூடக் கழற்றியவர்கள் உண்டு. கோலாலம்பூரில் நேதாஜியின் பேச்சைக் கேட்ட ஜானகி தேவர் என்ற இளம்பெண் தம் காதணியைக் கொடுத்ததும், பின்பு ஜான்சிராணிப் படையில் சேர்ந்து அதிகாரியானதும் எல்லாரும் அறிந்த சரித்திரம். அவர் வசதியான வீட்டுப் பெண். அதே படைக்கு லயத்துப் பெண்களும் போனார்கள். அவர்கள் பெயர் பெரும்பாலும் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பணக்காரர்கள் கொடுக்கவில்லையா என்று கேட்பார்கள். கொடுத்தார்கள், மனமுவந்து வாரி வழங்கியவர்களும் இருந்தார்கள். ஆனால் பலரிடம் சொத்துக்குத் தக்கபடி வரி விதித்தே வாங்க வேண்டியிருந்தது. இருக்கிறவனிடம் கணக்குக் கேட்டு வாங்கியதற்கும் இல்லாதவள் காதிலிருந்து கழற்றிக் கொடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் பேரேட்டில் தெரியாது. இரண்டும் ஒரே பத்தியில்தான் ஏறும். கணக்கு எழுதும் தொழிலில் இருக்கிற நமக்கு இது நன்றாகவே தெரியும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே காலத்தில் ஜப்பான் ராணுவமும் நம் லயங்களின் தோள்மீதுதான் நின்றது. பர்மாவில் இருந்த தன் படைக்குச் சாமான் கொண்டுபோக சயாமிலிருந்து 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டது. அதற்கு ஆள் எங்கே பிடித்தது? நம் தோட்டங்களில். லாரி வந்து நின்றது, ஆளை ஏற்றினார்கள். பல்லாயிரம் தமிழர்கள் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் அங்கேயே மடிந்தார்கள். காஞ்சனபுரியில் நேசநாட்டுச் சிப்பாய்கள் ஏறத்தாழ 7,000 பேருக்குக் கல்லறை இருக்கிறது; பெரும்பாலான கற்களில் பெயரும் உண்டு. நம்மவரில் பெரும்பாலோர் புதைந்த இடத்துக்குக் கல்லுமில்லை, பெயருமில்லை.

அப்படியானால், புருஷனைச் சயாமுக்கு இழுத்துப்போனவனோடு சேர்ந்து நடந்த படைக்கு அந்தப் பெண் எப்படித் தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள்? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. சயாமுக்குப் போவதைவிட முகாமுக்குப் போவது மேல், அங்கே ஒருவேளைச் சோறாவது கிடைக்கும் என்று படையில் சேர்ந்தவர்கள் உண்டு. பசிக்குப் போனவனும் சிப்பாய்தான். குண்டு அவனைப் பார்த்து விலகிப் போகவில்லை. கொடுத்தவளைப் பொறுத்தவரை, ஜப்பானியனுக்கு அவள் எதையும் கொடுக்கவில்லை என்பதே நம் கருத்து. அடுத்த லயத்துப் பையனுக்குக் கொடுத்தாள். கங்காணியின் பிரம்புக்குப் பயந்து நின்ற பையன் நெஞ்சை நிமிர்த்தி நடந்ததைப் பார்த்தாள், அதற்காகக் கொடுத்தாள். பிடுங்கியதும் கொடுத்ததும் ஒரே லயத்திலிருந்து போயின. ஆனாலும் பிடுங்கப்பட்டதை வைத்து எவனும் மனம் தேறியதில்லை.

1944 மார்ச்சில் இம்பால் படையெடுப்பு தொடங்கியது. ஏப்ரலில் மொய்ராங்கில் மூவர்ணக்கொடி ஏறியது. பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஜூலையில் பின்வாங்க உத்தரவு வந்தபோது அரிசியும் இல்லை, மருந்தும் இல்லை. காட்டுக் கீரையையும் புல்லையும் அவித்துத் தின்றார்கள். குண்டுக்குச் செத்தவர்களைவிட வயிற்றுப்போக்குக்கும் மலேரியாவுக்கும் செத்தவர்கள் குறைவில்லை. மலாயாவில் மக்கள் கழற்றிக் கொடுத்தது அந்த மலைவரை போய்ச் சேரவில்லை. வண்டியும் வழியும் ஜப்பானியர் கையில் இருந்தன. ஆகவே ஜனங்களின் அன்பு இருந்தால் சிப்பாய்க்கு வேறெதுவும் வேண்டாம் என்று மேடையில் பேசுகிறவர்களை நாம் ஒப்புக்கொள்வதில்லை. சோற்றுக்குப் பதிலாக நன்றியைக் கொடுக்க முடியாது. துரை முதுகில் தட்டி நல்ல வேலைக்காரன் என்று சொன்னால் கடைக்காரன் அரிசி அளந்து போடுவானா? ஆனால் சோறும் மருந்தும் இல்லாத அந்த மலையிலும் எத்தனையோ பேர் துப்பாக்கியைப் போடாமல் நின்றார்களே, எதை நம்பி நின்றார்கள்? பின்னால் விட்டு வந்த ஜனங்களின் முகத்தில் எப்படி விழிப்பது என்ற எண்ணம் அதில் பெரும்பங்கு என்றே நாம் கருதுகிறோம்.

யுத்தம் முடிந்த பிறகு ஜனங்களின் நன்றி என்ன செய்யும் என்பதை இந்தியாவில் பார்த்தோம். 1945 நவம்பரில் டில்லி செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவரையும் விசாரணைக் கூண்டில் ஏற்றினார்கள். ஒருவர் முஸ்லிம், ஒருவர் இந்து, ஒருவர் சீக்கியர். நாடு முழுவதும் கொந்தளித்தது. புலாபாய் தேசாய் வாதாடினார். நேருவே வக்கீல் அங்கியை மறுபடி அணிந்துவந்து உட்கார்ந்தார். ஆயுள் தண்டனை விதித்த ராணுவமே 1946 ஜனவரியில் அதை ரத்து செய்து மூவரையும் வெளியே விட்டது. தெருவில் நின்ற ஜனங்கள் இல்லையென்றால் இது நடந்திருக்குமா?

நம் பக்கத்தில் கதை வேறு. சிங்கப்பூர்க் கடற்கரையில் எழுப்பிய வீரர் நினைவுச் சின்னத்தைத் திரும்பி வந்த பிரிட்டிஷ் ராணுவம் 1945 செப்டம்பரில் இடித்துப்போட்டது. அந்த இடத்தில் ஒரு குறிப்புப் பலகை வைக்க 1995 வரை ஆயிற்று. சுதந்திர இந்தியா இவர்களைத் தன் ராணுவத்தில் திரும்பச் சேர்க்கவில்லை. தியாகிகள் பென்ஷன் திட்டம் 1972-ல்தான் வந்தது. தோட்டத்துக்குத் திரும்பியவன் மறுநாள் விடியற்காலை பெரட்டுக்கு நின்றான். படையில் கற்றது வீண்போகவில்லை. கெடாவில் 1946, 1947-ல் எழுந்த தொண்டர் படையில் அந்த அணிவகுப்பும் கட்டுப்பாடும் தெரிந்தன. கள்ளுக்கடை வாசலில் மறியல் நின்றவர்களில் முகாமில் பயிற்சி பெற்றவர்கள் இருந்தார்கள். தொழிற்சங்கச் சந்தாவைக் கையில் வாங்கி நோட்டுப் புத்தகத்தில் எழுதும் பழக்கமும் வானத்திலிருந்து வந்ததல்ல. நிதி திரட்டிப் பழகிய கைகள் நம்மிடம் ஏற்கெனவே இருந்தன.

இன்று அந்தச் சிப்பாய்களில் அநேகமாக எல்லாரும் போய்விட்டார்கள். பல தோட்டங்களே இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதி வந்தது. கோயிலை இடம் மாற்றினார்கள், லயத்தை இடித்தார்கள், ஜனங்கள் நாலா பக்கமும் சிதறினார்கள். தளபதிகளின் பெயர் எப்படியும் நிற்கும். யார் வீட்டிலிருந்து யார் போனார், எந்தப் பாட்டி எதைக் கொடுத்தார் என்பது, கேட்டு வைத்திருக்கிற மகனும் பேத்தியும் இருக்கிறவரையில்தான்.

ஆகையால் கிளைச் செயலாளர்களை ஒன்று கேட்கிறோம். அடுத்த கிளைக் கூட்டத்தில் சந்தாப் புத்தகத்தோடு இன்னொரு நோட்டையும் மேஜைமேல் வையுங்கள். போனவர் பெயர், தோட்டம், டிவிஷன், திரும்பி வந்தாரா இல்லையா. கொடுத்தவர் பெயர், கொடுத்தது என்ன. சயாமுக்குப் பிடித்துப்போனவர் இருந்தால் அவர் பெயரும். தகப்பன் பெயர் தெரிந்தால் எழுதுங்கள், தெரியாவிட்டால் கோடு போட்டு விடுங்கள். தோட்டம் இப்போது வேறு பெயரில் இருந்தால் பழைய பெயரைத்தான் முதலில் எழுத வேண்டும். நோட்டு நிறையக் காத்திராமல் கிடைத்ததைக் கிடைத்தபடி இப்பத்திரிகைக்கு அனுப்புங்கள். வாரம் ஒரு பத்தி ஒதுக்கிப் போடுவோம்.