கடலுக்குள் மூச்சை அடக்காதீர்கள்!

சரக்கேற்றிய தோணிகள் மாலத்தீவுக்குப் போய்வரும் ஊர் தூத்துக்குடி. இப்போது நம் வீட்டுப் பிள்ளைகள் அதே மாலத்தீவுக்கு விடுமுறைக்குக் கிளம்புகிறார்கள். ஒரு வாரம் படகிலேயே சாப்பாடு, படகிலேயே தூக்கம். தினமும் மூன்று நான்கு முறை முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஸ்கூபா முக்குளிப்பு! ஆசைதான். போகட்டும். ஆனால், டிக்கெட், கேமரா, துணிமணி என்று பட்டியல் போடுகிறவர்கள், உடம்பை அதில் சேர்ப்பதே இல்லை.

"முத்துக்குளிச்ச ஊர்க்காரங்க நாங்க... எங்களுக்கு என்ன பயம்?" என்பார்கள். சங்கடமே அங்கேதான். இந்தக் கடலில் 1961-ல் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது. அந்தக் காலத்துக் குளியாள் மேலே இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கினார். அதே மூச்சோடு ஏறினார். சிலிண்டர் கட்டியவர் ஆழத்தில், அழுத்தம் கூடிய காற்றை இழுக்கிறார். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் உள்ளதைப்போல இரண்டு மடங்கு. அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால், உள்ளே இருக்கும் காற்று இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் கிழிந்துவிடும்! பிராணாயாமத்தில் கும்பகம் பழகியவர்களே, அந்தப் பழக்கத்தைக் கரையிலேயே விட்டுவிடுங்கள். தண்ணீருக்குள் மூச்சு ஓடிக்கொண்டே இருக்கவேண்டும்.

அடுத்தது, திரும்பும் நாள். ஆழத்தில் இருக்கும்போது நைட்ரஜன் ரத்தத்தில் கரைகிறது. வேகமாக மேலே வந்தால், மூடி திறந்த சோடா மாதிரி குமிழி கிளம்பும். கம்ப்ரஸர் குழாயில் மூச்சு வாங்கிச் சங்கு குளிப்பவர்களுக்கும் இதே ஆபத்துதான். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய கொடைக்கானல் உயரத்தில் இருப்பதுபோல் குறைந்துவிடும். ஆகவே, பல நாள் முக்குளித்தவர் கடைசி முக்குளிப்புக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. ஒரு நாள் முழுக்க விட்டால் இன்னும் நல்லது. 'காசு கொடுத்த நாள் வீணாகுதே' என்று கணக்குப் பார்க்காதீர்கள்.

ஊர் திரும்பிய பிள்ளை மூட்டு வலி, மரமரப்பு, தலைசுற்றல் என்றால், 'வாயுப் பிடிப்பு' என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்: இதற்கு என்னிடம் மருந்து இல்லை. உடனே ஆக்ஸிஜன் வேண்டும். அழுத்த அறைச் சிகிச்சை வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். முக்குளித்துவிட்டு வந்தவர் என்பதை முதலில் சொல்லுங்கள்.

"காது அடைக்காம இருக்க எண்ணெய் ஏதாவது குடுங்க டாக்டர்" என்று கேட்பவர்களும் உண்டு. காதில் விடும் எண்ணெய் செவிப்பறைக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். அழுத்தத்தைச் சரிசெய்ய வேண்டியது அந்தப் பக்கம்! சளி பிடித்திருந்தால் அன்றைக்கு இறங்கக்கூடாது. அவ்வளவுதான். படகில் குமட்டினால் சுக்கு உதவும், அது வேறு.

ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, காது ஆபரேஷன் ஆனவர்கள், கர்ப்பிணிகள்... இவர்களுக்கு முக்குளிப்பு வேண்டாம் என்றோ, முழுப் பரிசோதனைக்குப் பிறகுதான் என்றோ டாக்டர் சொல்லக்கூடும். அதை முன்பணம் கட்டிய பிறகு கேட்டு என்ன பயன்? காது, நெஞ்சு இரண்டையும் முதலில் காட்டுங்கள். டிக்கெட்டைப் பிறகு வாங்குங்கள்.