விசில் அடிக்காதவன்

2024-ஆம் வருஷத்துத் தீபாவளி வாரத்தில் ஓர் இரவு. திருப்பத்தூரில் இரண்டாவது ஆட்டம் விட்டு ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். 'அமரன்' படம். எதிரே டீக்கடையில் நின்றிருந்த நான், கூட்டத்தில் ஆம்பூர் நண்பர் ஒருவரைக் கண்டேன். தோல் வியாபாரி. சம்பந்தி வீட்டுக்கு வந்தவர். இருபது வருஷப் பழக்கம். சினிமா விஷயத்தில் அவரைப் போலக் கறாரான ஆசாமியை நான் பார்த்ததில்லை. சரித்திரப் படத்தில் ராஜா போட்டிருக்கும் செருப்பு எந்தத் தோல், அந்தக் காலத்தில் அப்படி ஒரு தையல் உண்டா என்று கேட்டு, பக்கத்து ஆசனக்காரன் பிராணனை வாங்கிவிடுவார்.

"எப்படி பாய் படம்?" என்றேன்.

"நல்லா கீது சார்" என்றார். என் கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. பிறகு, பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா கீது" என்று இன்னொரு தடவை, சற்று உரக்கச் சொன்னார்.

அந்த இரண்டாவது 'நல்லா கீது' என்னைத் தூங்கவிடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

படம் யாரைப் பற்றியது என்று எல்லோருக்கும் தெரியும். 44-ஆவது ராஷ்ட்ரீய ரைபிள்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்த மேஜர் முகுந்த் வரதராஜன், 2014 ஏப்ரல் 25-ஆம் தேதி காஷ்மீரத்து ஷோபியானில் நடந்த சண்டையில் உயிர் விட்டார். அசோக சக்கர விருது அவர் இறந்த பிறகு வந்தது. அவர் கதையை ராஜ்குமார் பெரியசாமி படமாக்கினார். மனைவியின் நினைவாகக் கதை நகரும் பகுதிகள் நெஞ்சைத் தொடுகின்றன. சாய் பல்லவி அழாமல் நிற்கிற இடங்களில் நமக்கு அழுகை வருகிறது. காஷ்மீரத்து ஜனங்களோ பெரும்பாலும் கல் எறிகிற கும்பலாகவும் புகைமூட்டமாகவுமே நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்கும் அடுப்பு எரியுமே, குழந்தைக்கு ஜுரம் வருமே என்ற நினைப்பு படத்துக்கு அதிகம் இல்லை. இரண்டும் என் அபிப்பிராயங்கள். ஒன்று இன்னொன்றை ரத்து செய்யவில்லை. நான் இந்த இரண்டையும் டீக்கடையில் நின்று உரக்கச் சொல்லலாம். என் பெயர் அப்படிப்பட்ட பெயர். பாய் முதலாவதை மட்டும்தான் சொல்லலாம். அதையும் இரண்டு தடவை சொல்லவேண்டும்.

யார் இந்தச் சட்டத்தைப் போட்டது? கொட்டகையில் விசில் அடித்தவன் போட்டான். விசில் அடித்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை. டிக்கெட் வாங்கியவன் விசிலும் அடிக்கலாம், தூங்கவும் தூங்கலாம். ஆனால் தான் அடித்துவிட்டு, அடிக்காதவன் யார் என்று திரும்பிப் பார்க்கிறானே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. சினிமாக் கொட்டகை எப்போதிருந்து ராஜவிசுவாசப் பரீட்சை மண்டபமாயிற்று?

எதிர்க் கட்சிக்காரர்களுக்கும் நான் சலாம் போடப் போவதில்லை. எஸ்.டி.பி.ஐ. போன்ற அமைப்புகள் ஆர்ப்பாட்டம் செய்தன. படத்தைத் தடை செய்யவேண்டும் என்ற குரலும் எழுந்தது. படம் பிடிக்கவில்லை என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. மற்றவன் பார்க்கக் கூடாது என்று சொல்ல எவனுக்கும் உரிமை இல்லை. அந்த நவம்பரில் நெல்லை மேலப்பாளையத்தில், படம் ஓடிய கொட்டகைமேல் பெட்ரோல் குண்டு வீசினார்கள். வீசியவர்கள் யாருக்கு உபகாரம் செய்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? என் நண்பரின் வாய்க்கு இன்னொரு பூட்டுப் போட்டார்கள், அவ்வளவுதான்.

இதற்குள் வேறொரு கூட்டம் கிளம்பியது. முகுந்தின் ஜாதியைப் படத்தில் ஏன் காட்டவில்லை என்று கேட்டது. தங்கள் பிள்ளையை ஜாதி அடையாளத்தோடு காட்ட வேண்டாம் என்று குடும்பத்தாரே கேட்டுக்கொண்டதாக டைரக்டர் மேடையில் சொன்னார். அப்படியும் ஓயவில்லை. 1806 ஜூலை 10-ஆம் தேதி வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தது எதற்காக? நெற்றிக் குறியை அழி, தாடியை மழி, தோல் வைத்த புதுத் தொப்பியைப் போடு என்று வெள்ளைக்காரன் உத்தரவு போட்டதும் ஒரு காரணம். அன்று ஹிந்துவும் முஸ்லிமும் சேர்ந்தே எழுந்து, சேர்ந்தே செத்தார்கள். இன்றோ, செத்துப் போன சிப்பாய்க்கு நெற்றிக் குறி போட்டே தீரவேண்டும் என்று மெத்தை ஆசனத்தில் சாய்ந்திருந்தவன் எழுகிறான்!

யுத்தப் படத்தை ரசிக்காதவன் தேசத்தை வெறுப்பவன் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு பழைய சங்கதி சொல்கிறேன். 1949-இல் அமெரிக்காவில் 'ஸாண்ட்ஸ் ஆஃப் ஐவோ ஜீமா' என்ற படம் வந்தது. மரீன் படையைப் பற்றிய படங்களில் இன்றைக்கும் முதலில் நினைவுக்கு வருவது அது. கதாநாயகன் ஜான் வேய்ன். யுத்தத்தில் ஒரு நாளும் ராணுவத்தில் சேராதவர். அந்தத் தீவில் கொடி ஏற்றியவர்கள் என்று பெயர் பெற்றிருந்த மூன்று நிஜ வீரர்களையும் கொண்டுவந்து அதில் தலை காட்ட வைத்தார்கள். (புகழ் பெற்ற அந்தப் போட்டோவில் இருப்பவர்களில் அந்த மூவரில் இருவர் இல்லை என்று 2016-இலும் 2019-இலும் மரீன் படையே ஒப்புக்கொண்டது, அது வேறு கதை.) பையன்கள் படம் பார்த்துவிட்டுப் பட்டாளத்தில் சேர ஓடினார்கள். அப்படி மயங்கிச் சேர்ந்தவர்களில் ஒருவர் ரான் கோவிக். 1968-இல் வியட்நாமில் குண்டடிபட்டு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார்.

அந்தப் படத்துக்குச் சில வருஷங்கள் முன்பு, யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே, அதே ஜான் வேய்ன் ஹவாயில் ஒரு கடற்படை ஆஸ்பத்திரி மேடையில் தோன்றினார். மாட்டுக்காரத் தொப்பி, இடுப்பில் துப்பாக்கி, பூட்ஸில் முள். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் காயம் பட்ட மரீன்கள். கையை இழந்தவன், காலை இழந்தவன். அவர்கள் கை தட்டவில்லை. ஊளையிட்டார்கள். அவர் மேடையை விட்டு இறங்கும் வரையில் விடவில்லை. வில்லியம் மான்செஸ்டர் என்ற எழுத்தாளர், தாமே மரீனாக இருந்து ஒக்கினாவாவில் காயம் பட்டவர், இதை எழுதியிருக்கிறார். அந்த ஊளையிட்டவர்களைத் தேசத் துரோகிகள் என்று சொல்ல நம் விசில்காரனுக்குத் தைரியம் உண்டா?

வேலூருக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் என்று பெயர் பெற்றது. அந்தப் பக்கத்துப் பென்ஷன் மிலிட்டரிக்காரர் ஒருவர் எனக்குப் பழக்கம். பேரன் வற்புறுத்தி அவரைப் படத்துக்கு அழைத்துப் போயிருந்தான்.

"பாதி பாத்தேங்க. அப்புறம் வெளியே வந்து பெஞ்சில உக்காந்துட்டேன்."

"பிடிக்கவில்லையா?"

"அப்படி இல்ல. அந்தச் சத்தங்க" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லச் சொல்லி நானும் கேட்கவில்லை.

மறு வருஷம் ஒரு வேலையாக ஆம்பூர் போயிருந்தேன். பாய் வீட்டில் சாப்பாடு. அவர் பேச்சை அவரே அந்தப் படத்துக்குத் திருப்பினார். "அந்தம்மா வெறை மாதிரி நிக்கறாங்களே, கடைசில… நான் அழுதுட்டேன் சார். நெஜமா" என்றார். பிரியாணித் தட்டைப் பார்த்துக்கொண்டே சற்று நேரம் இருந்தார். பிறகு, "ஒண்ணு சொல்வேன், தப்பா நெனச்சுக்கக் கூடாது…" என்று ஆரம்பித்தவர், எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.