அந்த "இரண்டு" எங்கிருந்து வந்தது?



"சேர், கிளாஸ்ல பத்து நிமிசத்துல முடிச்ச பாடத்த நீங்க ஏன் ஒரு கிழமையா இழுக்கிறீங்க?" என்று கேட்ட வாப்பாமாருக்கும் உம்மாமாருக்கும்தான் இதை எழுதுகிறோம். பாடம், பல்கோணியின் அகக்கோணங்களின் கூட்டுத்தொகை.

பத்து நிமிடத்தில் கொடுக்கக்கூடியது சூத்திரம் மட்டும்தான். பக்கங்களின் எண்ணிக்கையிலிருந்து இரண்டைக் கழி, 180 ஆல் பெருக்கு, ஐங்கோணிக்கு 540 பாகை. சரி, ஏன் இரண்டைக் கழிக்கிறாய் என்று கேட்டால் முழு வகுப்பும் கூரையைப் பார்க்கிறது.

ஒரு பிள்ளை மட்டும் ஐங்கோணிக்குள் ஒரு புள்ளி வைத்து, அதை ஐந்து உச்சிகளோடும் இணைத்து, ஐந்து முக்கோணி, ஆகவே 900 பாகை என்று எழுதியிருந்தது. சிவப்புப் பேனையால் பெரிய பிழை போட்டது எங்களில் ஒருவர்தான். (ரியூசனை மட்டும் குறை சொல்ல நாங்கள் வரவில்லை.) ஆனால் அந்தப் பிள்ளைக்கு மிச்சம் இருந்தது ஒரேயொரு படி. நடுப் புள்ளியைச் சுற்றியுள்ள 360 பாகை ஐங்கோணியின் மூலைகளில் இல்லை. அதைக் கழித்தால் 540. அந்த 360 என்பது இரண்டு 180. சூத்திரத்தில் கழிக்கும் "இரண்டு" அதுதான்! மனப்பாடம் செய்து சரி வாங்கிய எல்லோரையும் விட, பிழை வாங்கிய பிள்ளைதான் அன்று கணிதம் செய்தது.

"சோதினையில ஏன் எண்டு கேக்க மாட்டாங்களே" என்கிறீர்கள். சோதனை மண்டபத்தில் கழிப்பதா கூட்டுவதா என்று குழம்பினால் யார் வந்து சொல்வார்? முக்கோணி கீறத் தெரிந்த பிள்ளை பேப்பர் ஓரத்தில் கீறிப் பார்த்துக்கொள்ளும்.

முற்றத்தில் பதிக்கும் அறுகோணக் கல்லைப் பாருங்கள். மொத்தம் 720, ஒரு மூலைக்கு 120. மூன்று கல் ஒரு புள்ளியில் சேர்ந்தால் 360, இடைவெளியே இல்லை. எல்லாப் பக்கமும் கோணமும் சமமான ஐங்கோணக் கல்லில் ஒரு மூலை 108. மூன்று வைத்தால் 324 தான், 36 பாகை வாய் பிளந்து நிற்கும். கல் பதிக்கிற மேசன் இதைக் கையால் அறிந்து வைத்திருக்கிறார். எங்கள் பிள்ளைகள் மட்டும் ஏன் வாயால் ஒப்புவிக்க வேண்டும்?

ஆகவே இந்தக் கிழமையும் கத்தரிக்கோல் கொண்டுவரச் சொல்லித்தான் அனுப்புவோம். பழைய பத்திரிகைத் தாள் போதும், புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம்.