காவிரிக்கரை வானில் எவர் ஆற்றின் பெயர்?

தனக்கெனப் படைக்கலம் இல்லாத இனம் பிறர் காவலில் வாழும். தன் கையாற் செய்த படைக்கலத்துக்கும் தன் மொழியிற் பெயரிடாத இனமோ, தன் உழைப்பையே பிறர் உடைமையாக்கி வாழும். முன்னது வலிமைக் குறை. பின்னது உணர்வுக் குறை. இற்றைத் தமிழகத்தைப் பற்றியிருப்பது இப் பின்னைய நோயே.

தஞ்சையின் புறத்தே, இரண்டாம் உலகப்போர்க் காலத்து வானூர்தித் திடல் 2013 மே 27-இல் வான்படைத் தளமாகத் திறக்கப்பெற்றது. 2020 சனவரி 20-இல் அங்குச் சுகோய்-30 போர்வானூர்திப் படையணி நிலைகொண்டது. தென்னாட்டில் அவ்வகை வானூர்திகளுக்கு அதுவே முதல் அணி. நாற்று நடும் பெண்டிர் குனிந்த தலை நிமிருமுன் அவை வயல்வெளியைக் கடந்து மறைகின்றன. அவை சுமக்கும் ஏவுகணையின் பெயர் பிரமோசு. பிரமபுத்திரா, மாசுகோவா என்னும் ஈராறுகளின் பெயரைக் கூட்டி ஆக்கிய பெயர் அது. காவிரி பாயும் நிலத்தின் வானில் வடகிழக்கு ஆறும் உருசிய ஆறும் பெயரளவிற் பறக்கின்றன, காவிரியைக் காணோம்.

வானூர்திக்கே இந்நிலை எனின், வானூர்தியை எதிர்க்கும் பொறிகளின் நிலை என்ன? வான்தளமாயினும் அணையாயினும் நடந்து செல்லும் படையாயினும் வானிலிருந்து வரும் தாக்குதலுக்குக் காவல் வேண்டும். ஓரிடத்தில் ஊன்றிய சுடுகலன் பகைவன் கண்ணிற் பட்டால் அழியும். படையுடன் செல்லவும் மாட்டாது. ஆகலின் சுடுகுழலையும் ஏவுகணையையும் பகையைக் கண்டறியும் கருவியையும் இயக்கும் வீரரையும் ஓர் ஊர்தியிலேயே ஏற்றி, அது தானே ஊர்ந்து செல்லுமாறு அமைத்தனர். இதனை 'வான்காப்பூர்தி' என்போம். அலைகளை விடுத்து வானூர்தியின் இருப்பைப் பற்றிக் காட்டும் கருவியை ஆங்கிலர் ரேடார் என்பர். கதுவுதல் என்றால் பற்றுதல். ஆகவே அது 'கதுவி'.

சோவியத்து நாடு 1960-களிற் படைத்த சில்கா இவ்வகையிற் புகழ்பெற்றது. 23 மில்லிமீட்டர் குழல்கள் நான்கு, தனக்கென ஒரு கதுவி, இயக்குவோர் நால்வர், மணித்துளிக்கு 3,000-க்கு மேற்பட்ட குண்டுகளைப் பொழியும் விரைவு. 1973-ஆம் ஆண்டு அரபு-இசுரேல் போரில், ஏவுகணைக்கு அஞ்சித் தாழப் பறந்த வானூர்திகள் சில்காவின் குழல்களுக்கு இரையாயின. அதன்பின் வந்த துங்குசுக்கா, 30 மில்லிமீட்டர் சுடுகலன்களோடு எட்டு ஏவுகணைகளையும் சுமந்தது. இவ்விரண்டும் இந்தியப் படையில் இடம்பெற்றவை. 2025 மே மாத மோதலில் பாக்கித்தான் விடுத்த ஆளில்லா வானூர்திகளை எதிர்த்துச் சில்காவும் பயன்பட்டது. பழம்பொறி எனத் தள்ளப்பட்டது புதுப்பகைக்கு மருந்தாயிற்று. விலை குறைந்த ஆளில்லா வானூர்திமேல் விலைமிக்க ஏவுகணையைச் செலுத்துவது கட்டுப்படியாகாது என்பதே அதற்குக் காரணம்.

இப்பொறியின் அமைப்பு தஞ்சை உழவனுக்கு விளங்காத மறைபொருள் அன்று. ஈரம் காயாத நன்செய்யில் உருளை கொண்ட அறுவடைப்பொறி புதையும். பட்டை கொண்ட பொறி புதையாது. எடை பட்டையின் பரப்பெங்கும் பரவுவதால் சேறு அதனைத் தாங்கும். சில்கா பட்டையில் ஊர்வதும் இதே நெறிபற்றித்தான். இதனைத் தமிழிற் சொன்னால் திருவாரூர்ப் பள்ளிச் சிறுவனும் ஒரு நொடியில் உணர்வான். ஆங்கிலத்திற் சொல்லி மனப்பாடம் செய்வித்தால், வயலிற் கண்ட அறிவு வேறு, வகுப்பிற் கேட்ட அறிவு வேறு என்றே அவன் வளர்வான்.

இனிப் பெயர்களை நோக்குக. சில்கா என்பது சைபீரிய நாட்டு ஆறு. துங்குசுக்காவும் ஆங்குள்ள ஆறே. உருசியர் தம் வானைக் காக்கும் ஊர்திகளுக்குத் தம் நிலத்து ஆறுகளின் பெயரைச் சூட்டினர். செருமானியர் தம் மொழியில் வானூர்தி எதிர்ப்புச் சுடுகலனுக்கிட்ட நெடும்பெயரைச் சுருக்கிப் 'பிளாக்' என்றனர். அதனை ஆங்கிலரே கடன் வாங்கித் தம் அகரமுதலியிற் சேர்த்துக்கொண்டனர். சொல்லைப் படைத்தவன் கடன் கொடுக்கின்றான். படைக்காதவன் கடன் வாங்குகின்றான்.

சென்னையை அடுத்த ஆவடியிலே தமிழ்த் தொழிலாளர் கையால் உருவான கவசவூர்திகளின் பெயர்கள் யாவை? விசயந்தா, அசேயா, அருச்சுன், பீசுமா. ஒன்றேனும் தமிழா? பட்டை ஊர்தியில் ஏறிச்செல்லும் வான்காப்பு ஏவுகணைக்கு ஆகாசு. அதற்கு வழிகாட்டும் கதுவிக்கு இராசேந்திரா. அவ் ஏவுகணைத் திட்டத்தை 1983 முதல் நடத்தியவர் இராமேசுவரத்துத் தமிழர் அப்துல் கலாம். அறிவு தமிழனது, கை தமிழனது, பெயர் மட்டும் வடமொழியது.

காவிரியின் பெயரும் ஒருகால் படைப்பொறிக்கு இடப்பட்டது. 1989-இல் ஒப்புதல் பெற்றுப் பெங்களூரில் உருவான தாரைப்பொறிக்குக் காவிரி என்றே பெயர். தேசசு வானூர்திக்கென எண்ணிய அப்பொறி 2008-இல் அதனின்று பிரிக்கப்பட்டது. வானூர்தி அமெரிக்கப் பொறியாற் பறக்கின்றது. காவிரி இங்கும் கருநாடகத்தைத் தாண்டி வரவில்லை!

தமிழுக்கு இவ்வளம் இல்லையா? மதுரை மதிலின்மேல் நின்ற பொறிகளை இளங்கோவடிகள் வரிசைப்படுத்துகின்றார். ஐயவித்துலாம், கவண், ஊகம், சிரல், பன்றி என ஒவ்வொன்றுக்கும் வடிவாலோ தொழிலாலோ அமைந்த தமிழ்ப்பெயர் உண்டு. வானிலிருந்து தினைமேல் இறங்கும் கிளியை ஓட்டும் கருவிக்கே தழல், தட்டை, குளிர் எனக் குறிஞ்சிப்பாட்டு மூன்று பெயர் தருகின்றது. ஓட்டுவோன் இன்றி இயங்கும் வானவூர்தியைக் கற்பனையிற் கண்டு, சோழன் நலங்கிள்ளிக்குப் பாடினார் உறையூர் முதுகண்ணன் சாத்தனார். அது புறநானூற்றின் 27-ஆம் பாட்டு. ஆளில்லா வானூர்திக்குப் பெயர் தேடி அயலார் வாயிலில் நிற்பவர் காவிரிக்கரைப் புலவரை மறந்தவரே.

வளம் எங்கே அறுந்தது? வெடிமருந்துக் கருவிகள் வந்தபோது, அவற்றோடு பெயரையும் வாங்கிக்கொண்டனர். துப்பாக்கி துருக்கிய வழி வந்த சொல். பீரங்கி பரங்கியரைக் குறித்த சொல்லினின்று வந்தது. பெருவுடையார் கோயிலை எழுப்பிய அருண்மொழியே உலகுக்கு இராசராசனானான். நோய் பழையது, ஆனால் தீராதது அன்று.

தீரும் என்பதற்கு ஈழமே சான்று. 1995 சூலை 9-இல் நவாலி பேதுரு கோயிலிற் புகலடைந்தோர்மேல் வானூர்திகள் குண்டு வீசின. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அம்மக்களுக்குக் கதுவியும் இல்லை, வான்காப்பூர்தியும் இல்லை. மண்ணில் தோண்டிய குழியே காவல். ஆயினும் அதனைப் 'பதுங்குகுழி' என்றனர். தலைமேல் விழுந்ததை 'எறிகணை' என்றனர். வட்டமிட்டதை 'உலங்கு வானூர்தி' என்றனர். குருதி சிந்தும் வேளையிலும் சொல்லைத் தமிழில் வைத்திருந்தது அவ்வினம். அமைதியில் வாழ்வோர்க்கு அது ஏன் இயலாது?

பல மொழியினர் சேர்ந்த படையில் பொதுச்சொல்லே வேண்டும் என்பர் சிலர். ஆணைச் சொல்லைப் பற்றியதன்று இவ்வழக்கு, அறிவைப் பற்றியது. மேலும், அரக்கோணத்துக் கடற்படை வான்தளம் இராசாளி. உச்சிப்புளியில் உள்ளது பருந்து. நெல்லைச் சீமையில் உள்ளது கட்டபொம்மன். இப்பெயர்களாற் கடற்படையின் ஆணை எதுவும் தடுமாறவில்லை.

ஆகவே செய்யத்தக்கவை இரண்டு. 1911-இல் தோன்றிய கரந்தைத் தமிழ்ச் சங்கமும் 1981-இல் தோன்றிய தமிழ்ப் பல்கலைக்கழகமும் தஞ்சையிலேயே உள்ளன. பொறியியல் வல்லாரும் புலவரும் அங்கு ஒருங்கிருந்து, வான்காப்பூர்தியின் உறுப்பு ஒவ்வொன்றுக்கும் தமிழ்ச்சொல் வகுத்துப் பள்ளிதோறும் பரப்புதல் ஒன்று. ஆவடியில் இனி உருவாகும் ஊர்திக்குத் தமிழ்ப்பெயர் வேண்டுமெனத் தமிழக அரசும் மக்கள் மன்றங்களும் ஓயாது வற்புறுத்தல் மற்றொன்று. பொருநை, வைகை, பாலாறு, காவிரி என ஆறுகள் உள்ளன; பெயருக்குப் பஞ்சமில்லை.

தமிழ்ப் பெருமக்களே, ஆற்று நீருக்கு அயலான் இசைவு வேண்டியிருக்கின்றது. ஆற்றின் பெயரைச் சூட்டுதற்கு நம் துணிவு ஒன்றே போதும். அதனையேனும் இன்றே செய்க.