பெயர்ப்பலகைத் தலைவர்கள்

ஐக்கிய அமெரிக்காவின் பழைய பல்கலைக்கழகங்கள் தத்தம் உதைபந்தாட்ட அணிகளுக்குத் தலைமை தாங்கியோரின் பெயர்களை ஆண்டு முறைப்படி பட்டியலிட்டுப் பேணி வருகின்றன. யேல், பிறின்ஸ்ரன், ஹாவாட் முதலியவற்றின் பட்டியல்கள் 1870களை ஒட்டித் தொடங்குவன. இப்பட்டியல்களைக் காட்டி, மாணவர் தலைமைத்துவ மரபொன்று ஒன்றரை நூற்றாண்டாக அறாது தொடர்கின்றதெனப் பெருமை பேசுவோர் உளர். இக்கருத்து மேலோட்டமானது மட்டுமன்று, தவறானதுமாகும். அங்கே பெயர் தொடர்கின்றது, பதவி தொடரவில்லை. அணித்தலைவரின் வரலாறு என்பது, மாணவர் தாமே உண்டாக்கித் தாமே ஆண்டுவந்த ஒன்று படிப்படியாக அவர்தம் கையிலிருந்து பறிக்கப்பட்ட வரலாறே என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் ஆடும் உதைபந்தாட்டத்துக்கும் அமெரிக்கர் அப்பெயரால் வழங்கும் ஆட்டத்துக்கும் உறவு சொற்பமே. அவர்களது ஆட்டம் றகரிலிருந்து பிறந்தது. நீள்கோள வடிவப் பந்தைக் கையிலேந்தி ஓடுவதும், ஓடுபவனை மறித்து வீழ்த்துவதுமே அதன் சாரம். அதன் இன்னோர் இயல்பு எமது விவாதத்துக்கு இன்றியமையாதது. பந்தேந்தியவன் வீழ்ந்ததும் ஆட்டம் நின்றுவிடும். இரு அணிகளும் மீள அணிவகுத்த பின்னரே தொடரும். சில கணங்களே நீடிக்கும் அந்த இடைவெளியில், அடுத்து என்ன செய்வதென்று யார் தீர்மானிக்கின்றார்? அணித்தலைவரின் வரலாறு முழுவதும் இக்கேள்விக்குள் அடங்கும்.

1869ஆம் ஆண்டு நவம்பர் 6ஆந் திகதி நியூ ஜேர்சி மாநிலத்தின் நியூ பிறன்ஸ்விக் நகரில் றட்கேர்ஸ், பிறின்ஸ்ரன் கல்லூரிகளின் மாணவர், அணிக்கு 25 பேராக நின்று ஆடினர். றட்கேர்ஸ் 6-4 என வென்றது. அமெரிக்கக் கல்லூரி உதைபந்தாட்டத்தின் தொடக்கமாக இதனையே கொள்வர். வில்லியம் லெகற், வில்லியம் கமியர் என்னும் இரு மாணவர் அன்று அணித்தலைவராயினர். விதிகளை இணங்கி வகுத்தோர் மாணவரே. அன்று பயிற்றுநர் இருந்திலர்; விளையாட்டுப் பணிப்பாளர் இருந்திலர்; ஊதியம் பெறும் எவருமே இருந்திலர்.

அடுத்த முப்பது ஆண்டுகளில் அணித்தலைவர் பதவி எத்துணை வலிமை பெற்றதென்பதற்கு யேல் தக்க சான்று. ஆட்டக்காரர் தம்முள் ஒருவரைத் தலைவராகத் தெரிவுசெய்வர். அணியில் இடம்பெறுவோரைத் தெரிபவர் அவர். பயிற்சியை நடத்துபவர் அவர். களத்தில் கட்டளை இடுபவரும் அவரே. முன்னாள் மாணவர் பயிற்சியளிக்க வருவதாயினும் தலைவரின் அழைப்பின்பேரிலேயே வருவர். 1888ஆம் ஆண்டு யேல் அணி 13 ஆட்டங்களிலும் வென்று, 698 புள்ளிகள் பெற்று, எதிரணிகளுக்கு ஒரு புள்ளியேனும் விட்டுக்கொடாது முடித்தது. அவ்வணியின் தலைவர் வில்லியம் கோபின் என்ற மாணவர். ஆலோசகராக விளங்கிய வோல்ரர் காம்ப் அப்போது ஒரு மணிக்கூட்டுத் தொழிலகத்தில் அலுவல் பார்த்தவர். பகலிலே களத்துக்கு வர அவருக்கு நேரமில்லை. அவர்தம் மனைவியார் பயிற்சியைப் பார்த்துவந்து சொல்வார். ஆலோசகர் ஆலோசனை கூறினார், முடிவு தலைவருடையதாயிருந்தது.

இதே காம்ப்தான் மாணவராயும் யேல் அணித்தலைவராயும் இருந்தவர் என்பதும், மேலே கூறிய இடைவெளியை ஆட்டத்துக்குள் கொணர்ந்தவர் அவரே என்பதும் வரலாற்றின் முரண்நகை. 1880இல் அவரது முயற்சியால் அணிக்கு 11 பேர் என்ற வரையறையும், ஒவ்வொரு முறையும் ஒரே அணி பந்தைத் தன்வசம் வைத்து ஆட்டத்தைத் தொடங்கும் முறையும் வந்தன. தொடர்ச்சியான ஆட்டம் துண்டு துண்டான ஆட்டமாயிற்று. துண்டு துண்டாகிய தொழிலை மேற்பார்வையாளர் ஆள்வது எளிது. தொழிற்சாலையின் வரலாறு கற்றோருக்கு இது புதுமையன்று.

மேற்பார்வையாளர் வந்து சேரக் காலந் தாழ்க்கவில்லை. 1905இல் ஹாவாட், 26 வயதான பில் றீட் என்பவரை, அப்பல்கலைக்கழகப் பேராசிரியர் எவரும் பெற்றிராத ஊதியத்தில் பயிற்றுநராக அமர்த்திற்று. அவ்வாண்டு ஒக்ரோபர் 9ஆந் திகதி, ஆட்டத்தின் வன்முறையைக் கண்டு கவலையுற்ற சனாதிபதி தியோடர் றூஸ்வெல்ற், ஹாவாட், யேல், பிறின்ஸ்ரன் ஆகியவற்றின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்தார். சென்றவர்கள் பயிற்றுநரும் முன்னாள் மாணவருமே. அவ்வாண்டுப் பருவம் முடிகையில், பாடசாலைகளிலும் கல்லூரிகளிலும் ஏறத்தாழ 18 இளைஞர் ஆட்டத்தால் உயிரிழந்தனர் எனப் பத்திரிகைகள் கணக்கிட்டன. இறந்தவர்கள் மாணவர், பேசியவர்கள் பிறர். அதையடுத்துத் தோன்றி, 1910இல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் எனப் பெயர்கொண்ட அமைப்பிலும் அங்கத்துவமும் வாக்கும் நிறுவனங்களுக்கே உரியவாயின. ஆட்டம் சீர்திருத்தம் பெற்றது உண்மை. 1906இல் பந்தை முன்னோக்கி எறிய அனுமதித்ததால் நெரிசல் தளர்ந்ததும் உண்மை. ஆனால் அச்சீர்திருத்தத்துக்கு விலையாக மாணவர் ஆட்சி கொடுக்கப்பட்டது.

எஞ்சியிருந்த அதிகாரத்தை விதிகள் சில காலம் காத்தன. களத்துக்கு வெளியே நின்று பயிற்றுநர் அறிவுரை கூறுவது நெடுங்காலம் குற்றமாயிருந்தது. ஆட்டக்காரரை மாற்றுவதற்கும் கட்டுப்பாடு இருந்தமையால், ஆள்மூலம் கட்டளை அனுப்புதல் எளிதன்று. கார்னகி நிறுவனம் 1929இல் வெளியிட்ட புகழ்பெற்ற அறிக்கை, வணிகமயமாதலையும் ஊதியப் பயிற்றுநரின் ஆதிக்கத்தையும் கண்டித்து, ஆட்டத்தின் பொறுப்பை மாணவருக்கு மீளக் கொடுக்குமாறு வற்புறுத்திற்று. நடந்தது இதற்கு நேர்மாறு. 1941இல் ஆள்மாற்றுக் கட்டுப்பாடு தளர்ந்தது. 1953இல் மீள இறுகி, 1960களின் நடுவில் முற்றாக நீங்கிற்று. 2024 முதல் உயர்நிலைக் கல்லூரி அணிகளில் பயிற்றுநரின் குரல் வானொலிக் கருவி வழியே ஆட்டக்காரனின் தலைக்கவசத்துக்குள்ளேயே ஒலிக்கின்றது. 1888இல் கோபின் தானே எண்ணித் தீர்த்த அந்தச் சில கணங்களை, இன்றைய மாணவன் காதால் கேட்டு நிறைவேற்றுகின்றான். அணித்தலைவர் இன்றும் வாக்கால் தெரிவாகின்றார். தெரிவானவர் நடுவர் முன் சென்று நாணயம் சுண்டப்படுவதைப் பார்த்து நிற்கின்றார்.

இது ஆட்டத்தின் நுட்பம் பற்றிய பிரச்சினை மட்டுமாயின் நாம் இத்துணை வருந்த வேண்டியதில்லை. நீதியும் இதில் அடங்கியுள்ளது. அடிமைகளாயிருந்த பெற்றோருக்கு 1868இல் வேர்ஜீனியாவிற் பிறந்த வில்லியம் ஹென்றி லூயிசை, அம்ஹேர்ஸ்ற் கல்லூரி அணியினர் 1891இல் தம் தலைவராக்கினர். பின்னர் ஹாவாட்டில் சட்டம் பயின்றபோது 1893ஆம் ஆண்டின் இறுதி ஆட்டத்தில் அவ்வணிக்கும் அவர் தலைமை தாங்கினார். அமெரிக்கத் துணைச் சட்டமா அதிபர்களுள் ஒருவராகவும் பிற்காலத்தில் உயர்ந்தார். மாணவர் வாக்கு அன்று செய்தது இது. 43 ஆண்டுகளின் பின், 1934 ஒக்ரோபரில், ஜோர்ஜியா ரெக் அணி கறுப்பினத்தவரோடு ஆட மறுத்தமையால், மிச்சிகன் பல்கலைக்கழக விளையாட்டு நிருவாகம் தன் சிறந்த ஆட்டக்காரருள் ஒருவரான வில்லிஸ் வோட்டைக் களமிறக்காது விட்டது. மாணவரும் ஆசிரியருமாகப் பலர் எதிர்த்தனர், நிருவாகம் இணங்கவில்லை. 1948இல் யேல் ஆட்டக்காரர் லீவை ஜக்சனை அடுத்த ஆண்டின் தலைவராகத் தெரிந்தபோது, யேல் வரலாற்றின் முதற் கறுப்பினத் தலைவரைத் தந்ததும் மாணவர் வாக்கே.

வயோமிங் பல்கலைக்கழகத்தில் 1969இல் நிகழ்ந்தது இவ்வரலாற்றின் மிகக் கசப்பான அத்தியாயம். மோர்மன் சபை கறுப்பினத்தவருக்குக் குருத்துவம் மறுத்துவந்ததைக் கண்டிக்க விரும்பிய 14 கறுப்பின ஆட்டக்காரர், அச்சபை நடத்தும் பிறிகம் யங் பல்கலைக்கழகத்துடனான ஆட்டத்தின் முன்தினம், கறுப்புக் கைப்பட்டி அணிந்து பயிற்றுநரிடம் கலந்துரையாடச் சென்றனர். பயிற்றுநர் லொயிட் ஈற்றன் அவர்கள் அனைவரையும் அங்கேயே அணியிலிருந்து நீக்கினார். நீக்கப்பட்டோருள் ஜோ வில்லியம்ஸ் அணித்தலைவர்களுள் ஒருவர். அவர் பெயரை முதலாகக் கொண்ட வழக்கும் 1972இல் மேன்முறையீட்டில் தோற்றது. சபை தன் தடையை 1978இல் நீக்கிற்று. பல்கலைக்கழகம் 2019இல் மன்னிப்புக் கேட்டது. அணித்தலைவர் கேட்டது நியாயமென அரை நூற்றாண்டு கழித்து ஒப்புக்கொண்டோர், அவர் பதவியை எந்த அதிகாரம் ஒரு சந்திப்பிலே பறித்ததோ அந்த அதிகாரத்தை மட்டும் தொட்டுப் பார்க்கவில்லை.

எதிர்வாதங்களையும் நோக்குதல் வேண்டும். பழைய தலைவர்கள் செல்வர் வீட்டுப் பிள்ளைகள்; அவர்தம் ஆட்சியில் ஒருதலைச் சார்பும் முரட்டுத்தனமும் மலிந்திருந்தன என்பர். உண்மை. லூயிசும் ஜக்சனும் விதிவிலக்குகள் என்பர். அதுவும் உண்மை. ஆனால் வாக்காளர் தொகுதி குறுகியதென்றால் அதனை விரிப்பதே மருந்து. வாக்கை ஒழிப்பது மருந்தாகாது. இளைஞரின் உயிரைக் காக்க அனுபவமுள்ள பெரியோர் வேண்டும் என்பது இரண்டாவது வாதம். மருத்துவரும் ஆசானும் வேண்டாமென நாம் கூறவில்லை. ஆயின், 2018இல் மேரிலான்ட் பல்கலைக்கழகத்தில், ஊதியப் பயிற்றுநர்களும் உதவியாளர்களும் சூழ்ந்துநின்ற பயிற்சியொன்றில், வெப்பத் தாக்கத்துக்குள்ளான 19 வயது மாணவர் ஒருவர் பின்னர் உயிரிழந்தார். அனுபவம் அங்கே நிறைய இருந்தது. 'போதும்' என்று சொல்லும் அதிகாரம் ஆட்டக்காரர் எவரிடமும் இருக்கவில்லை.

மூன்றாவது வாதம் இக்காலத்தது. மாணவ ஆட்டக்காரருக்கு இப்போது பணம் கிடைக்கின்றதே, இன்னும் என்ன குறை என்பர். 2021 முதல் அவர்கள் தம் பெயரையும் உருவையும் பயன்படுத்திப் பொருளீட்டலாம். 2025 யூனில் நீதிமன்றம் ஏற்ற இணக்கப்பாட்டின்படி, முதலாண்டில் ஒரு பல்கலைக்கழகம் ஏறத்தாழ 2 கோடியே 5 இலட்சம் டொலர் வரை தன் விளையாட்டு மாணவருக்குப் பகிரலாம். இது நீண்டகாலம் மறுக்கப்பட்ட நியாயம், வரவேற்கத்தக்கதே. ஆனால் அப்பங்கீட்டைத் தீர்மானிப்பது விளையாட்டு நிருவாகம். நோத்வெஸ்ரேண் பல்கலைக்கழக ஆட்டக்காரர் 2014 ஏப்பிரலில் தொழிற்சங்கம் அமைப்பது பற்றி வாக்களித்தனர். 2015இல் தொழிலுறவுச் சபை அவ்விடயத்தைக் கையேற்க மறுத்தமையால் அவ்வாக்குகள் எண்ணப்படாமலே போயின. 2023இல் ரெக்சஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகம் தன் பயிற்றுநரை நீக்க ஏறத்தாழ 7 கோடியே 60 இலட்சம் டொலர் கொடுக்க உடன்பட்டது. ஊதியம் வந்துவிட்டது, வாக்கு வரவில்லை. கூலி பெறும் ஊமையைச் சுதந்திரன் எனக் கொள்ள முடியாது.

வாக்கும் தலைமையும் உயிர்பெற்றால் என்ன நிகழுமென்பதற்கு மிசூரி சான்று. 2015 நவம்பரில் அப்பல்கலைக்கழகத்தில் இனவெறிச் சம்பவங்களுக்கு எதிராகப் பட்டதாரி மாணவர் ஒருவர் உண்ணாவிரதம் இருந்தார். 7ஆந் திகதி, பல்கலைக்கழகத் தொகுதியின் தலைவர் விலகும்வரை ஆடமாட்டோமெனக் கறுப்பின ஆட்டக்காரர் அறிவித்தனர். அடுத்த ஆட்டம் நடைபெறாவிடின் 10 இலட்சம் டொலர் இழப்பு நேரும். 9ஆந் திகதி அவர் பதவி விலகினார். ஆட்டக்காரர் சார்பில் அறிக்கை வாசித்தவர் அணித்தலைவர்களுள் ஒருவரான இயன் சைமன். பயிற்றுநரும் அன்று மாணவரின் பக்கம் நின்றார் என்பதை மறைத்தல் தகாது. எனினும் தொடங்கியோர் மாணவர். பெயர்ப்பலகையிலிருந்து இறங்கி வந்த தலைவரை அமெரிக்கா அன்று இரண்டு நாட்களுக்குக் கண்டது.

அமெரிக்க உதைபந்தாட்டத்தைப் பற்றி இங்கு எழுதுவதேன் என்று கேட்போருக்கு ஒரு சொல். எமது கழகங்களும் சங்கங்களும் தேர்தலால் இயங்குவன. தலைவர், செயலாளர், இதழாசிரியர் என ஆண்டுதோறும் பெயர்கள் ஏறுகின்றன. பதவிகள் ஒழிக்கப்படும்போது எதிர்ப்பு எழும். அவை உள்ளே குடையப்படும்போது எவரும் எழுவதில்லை. யேலின் தலைவர்களிடமிருந்து அதிகாரத்தை எவரும் ஒரே நாளிற் பறிக்கவில்லை. உதவி என்று வந்தது ஆலோசனையாயிற்று, ஆலோசனை மேற்பார்வையாயிற்று, மேற்பார்வை கட்டளையாயிற்று. ஒவ்வொரு படியிலும் மாணவருக்கு நேரம் மிச்சமாயிற்று என்பதும் உண்மையே.

ஆகவே அடுத்த தேர்தலில் யார் வெல்வார் என்று கேட்குமுன், வெல்பவர் எதனைத் தீர்மானிக்கலாம் என்று கேட்போமாக. அவ்வினாவுக்கு விடை இல்லையெனில், நாம் தெரிவது தலைவரையன்று; பெயர்ப்பலகைக்கு இன்னுமொரு வரியையே.