மன்னார் காற்றின் விலையில் சேர்க்கப்படாத கணக்கு

2025 ஆகஸ்டில், புதிய காற்றாலைகளுக்கான பாகங்களை ஏற்றிவந்த வாகனங்களை மன்னார் மக்கள் வீதியில் மறித்தனர். சூழலுக்கு உகந்தது எனப்படும் மின்சாரத்தை ஏன் எதிர்க்க வேண்டும் என்ற கேள்வி தெற்கில் எழுந்தது. அதற்கு விடை காண, மின்சார சபை எதைக் கணக்கிடுகிறது, எதைக் கணக்கில் எடுக்கவில்லை என்று பார்க்க வேண்டும்.

சபையின் பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 2022 மார்ச் இறுதியில், எரிபொருள் வாங்க டொலர் இன்றி நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் வெட்டப்பட்டது. அந்த ஆகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்ந்தது. காற்றை டொலர் கொடுத்து இறக்குமதி செய்யத் தேவையில்லை. மன்னார் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட சபையின் 'தம்பபவனி' திட்டத்தின் 30 காற்றாலைகளும் 103.5 மெகாவாட் கொள்ளளவு கொண்டவை.

விலையும் இறங்கிவிட்டது. மன்னார், பூநகரித் திட்டத்துக்கு 2024இல் அதானி நிறுவனத்துடன் இணங்கிய விலை அலகுக்கு 8.26 அமெரிக்க சதம். 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. மன்னாரிலேயே 50 மெகாவாட் திட்டமொன்றுக்குப் போட்டி விலைமனு மூலம் கிடைத்த விலை 4.65 சதம். வெளிப்படையான போட்டி நாட்டுக்கு எவ்வளவு மிச்சப்படுத்தும் என்பதற்கு இதுவே சான்று.

ஆனால் அலகு விலை முழுக் கணக்கு அல்ல. சோளகம் பலமாக வீசும்போது விசிறிகள் வேகமாகச் சுழலும். காற்று மாறும் இடைமாதங்களில் தளரும். அப்போது நீர், நிலக்கரி, எண்ணெய் என்று வேறொன்று கைகொடுக்க வேண்டும். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஏற்பட்ட ஒரு பழுதில் நாடே இருண்டது. குரங்கைச் சொல்லிப் பலர் சிரித்தனர். அன்று மின்தேவை குறைவு, சூரிய மின்சாரம் அதிகம். அதிர்ச்சியைத் தாங்கும் பாரிய சுழலிகள் போதியளவு இயங்கவில்லை. சேமிப்பு மின்கலங்களுக்கும் உறுதியான மின்கட்டமைப்புக்கும் ஆகும் செலவு அந்த 4.65 சதத்துக்குள் இல்லை.

அதற்குள் இல்லாத இன்னொன்று மன்னார் மண். தாழ்வான சிறிய தீவு அது. கோபுரங்களுக்காக அமைத்த பாதைகள் மழைநீரின் வழியை மறிப்பதாகவும், கரையோரத் தொழில் பாதிக்கப்படுவதாகவும் மக்கள் முறையிடுகின்றனர். வலசைப் பறவைகளின் பாதையும் இதுதான். எதிர்ப்பால் ஒரு மாதம் நிறுத்தப்பட்ட பணிகளைத் தொடர செப்டெம்பரில் அரசு பணித்தது.

இந்த அச்சம் எமக்குப் புதிதல்ல. போரினால் தேசிய மின்கட்டமைப்பில் இருந்து துண்டிக்கப்பட்டிருந்த குடாநாட்டுக்கு, சுன்னாகத்தில் எண்ணெயில் இயங்கிய மின்பிறப்பாக்கிகளே வெளிச்சம் தந்தன. கூடவே அயற் கிணறுகளில் எண்ணெயும் கலந்தது. பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா வழங்குமாறு தனியார் மின் நிறுவனத்துக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2019இல்தான். மின்சாரத்தின் விலையில் கிணற்றின் விலையை யாரும் சேர்த்திருக்கவில்லை.

எனவே மன்னார் மக்கள் கேட்பதைக் காற்றாலை எதிர்ப்பு என்று சுருக்கிவிட முடியாது. வடிகால், இழப்பீடு, மாற்று இடங்கள் பற்றிய ஆய்வு, ஊரின் சம்மதம் ஆகியவை விலைமனுவுக்கு முன்னரே எழுத்தில் வர வேண்டும். அப்படிச் செய்தால் அலகு விலை சற்று ஏறலாம். செய்யாவிட்டால் அந்த மீதியை மன்னாரின் கடற்றொழிலாளரே கட்டுவர். அவருக்கு மின்பட்டியலில் எந்தச் சலுகையும் இல்லை.